மழை காரைக் கழுவாது!

(மழைக்காலமும் வாகனப் பராமரிப்பும் என்னும் தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை வேளையில் வானம் கறுத்து மழை கொட்டத் தொடங்கினால், பூக்கடைக்காரர்கள் மாலைகளை அவசர அவசரமாக உள்ளே எடுத்து வைப்பார்கள். ஆனால், சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்திக் கொண்டிருப்பவர்கள் கவலைப்படுவதில்லை. "நல்லதாகப் போயிற்று, கார் கழுவுகிற காசு மிச்சம்" என்று சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு. "இன்று கழுவினால் நாளை மழையில் மறுபடியும் அழுக்காகும். எதற்கு வீண் வேலை?" என்று மழைக்காலம் முடியும்வரை காரைத் தொடாமலே விட்டுவிடுபவர்களும் உண்டு.

இந்த இரண்டு எண்ணங்களுமே தவறு. மழை காரைக் கழுவுவதில்லை, அழுக்கை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான்! ஆண்டு முழுவதிலும் காரை அதிகமாகக் கவனிக்க வேண்டிய காலம் மழைக்காலமே.

பனி நாட்டில் உப்பு, நம் நாட்டில் ஈரம்

கனடாவின் டொரொன்டோ நகரில் வாழும் தமிழர்களைக் கேட்டால், குளிர்காலத்தில் கார் படும் பாட்டைக் கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். உப்பு கலந்த தண்ணீர் அத்தனை எளிதில் உறையாது என்பதே அதற்குக் காரணம். பனி உருகிவிடும். ஆனால், அந்த உப்புத் தண்ணீர் காரின் அடிப்பாகத்தில் தெறித்து ஒட்டிக்கொண்டு இரும்பை அரிக்கத் தொடங்கும். அதனால்தான் அங்கே குளிர்காலத்திலும் கார் கழுவும் நிலையங்களில் வரிசை நிற்கிறது. காரின் மேல்பகுதியை மட்டுமல்லாமல், அடிப்பாகத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள்.

மலேசியாவில் பனியும் இல்லை, சாலையில் தூவும் உப்பும் இல்லை. அதனால் துருப்பிடிக்கும் ஆபத்தும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். துருப்பிடிக்க உப்பு கட்டாயம் வேண்டும் என்பதில்லை. இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள உயிர்வளி ஆகிய மூன்றும் சேர்ந்தாலே போதும். உப்பு அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்திருக்கிறது. வெப்பமும் சேர்ந்து கொள்கிறது. பனி நாட்டுக் காருக்கு உப்பு எதிரி என்றால், நம் நாட்டுக் காருக்கு ஈரம் எதிரி.

உப்பு முற்றிலும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. போர்ட் கிள்ளானிலும் கடலோரச் சிற்றூர்களிலும் வசிப்பவர்களின் கார் மீது கடற்காற்று நாள்தோறும் உப்பைப் படியவைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மோரிப் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய்வரும் கார், மணலையும் உப்பையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. கடல் பெருக்கெடுக்கும் நாள்களில் கிள்ளானின் தாழ்வான பகுதிகளில் கடல்நீர் சாலைக்கே ஏறி வருவதும் உண்டு. அத்தகைய நீரில் ஓடிய காரை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பாகம் வரை கழுவிவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

மழைக்காலம் எது?

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், அந்த மழை பெரும்பாலும் கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக்கரை மாநிலங்களையே தாக்குகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை மிகுந்த காலம் வேறு. ஒரு பருவக்காற்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைக்காலமான ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும்தான் இங்கே இடியும் மின்னலுமாக மாலை மழை கொட்டுகிறது. ஓரிரு மணி நேரத்தில் சாலை ஆறாகிவிடுகிறது. தீபாவளிக்குத் துணிமணி வாங்க மக்கள் லிட்டல் இந்தியாவில் கூடும் நேரமும் அதுதான்!

பருவத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி கோலாலம்பூரில் ஒரே நாளில் 230 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது. ஒரு மாதத்தில் சராசரியாகப் பெய்யும் மழையை விட அது அதிகம். 2022 மார்ச் 7ஆம் தேதி மாலையில் தலைநகரின் பல சாலைகளில் திடீர் வெள்ளம் ஏற்பட்டு வாகனங்கள் சிக்கிக்கொண்டன.

பிரிக்பீல்ட்ஸ் வாசிகளுக்கு வெள்ளம் புதிதல்ல. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து கோலாலம்பூரை அழித்தன. அதன் பிறகு மர வீடுகளுக்கும் அத்தாப்புக் கூரைகளுக்கும் பதிலாகச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அந்தச் செங்கற்களைச் சுடச் சூளைகள் எழும்பிய களிமண் நிலம்தான் இந்த வட்டாரம். பெயரிலேயே செங்கல் இருக்கிறது. கிள்ளான் ஆறு இதன் ஓரமாகவே ஓடுகிறது. 1926லும் 1971லும் தலைநகர் பெரும் வெள்ளத்தைக் கண்டது. 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம், 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளநீரைத் திசைதிருப்பி நகர மையத்தைக் காக்கிறது. அதுவும் எல்லா மழையையும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

மழைநீர் சுத்தமானதா?

வானத்திலிருந்து விழும் தண்ணீர் தூய்மையானது என்று நினைப்பது இயல்பு. ஆனால், மழைத்துளி கீழே வரும் வழியில் தூசியையும், வாகனப் புகையிலிருந்து வந்த கரியையும், தொழிற்சாலைப் புகையையும் சேர்த்துக் கொள்கிறது. தூய மழைநீரே சிறிதளவு அமிலத் தன்மை கொண்டது. புகை கலந்தால் அந்தத் தன்மை மேலும் கூடும். மழை நின்றதும் வெயில் அடிக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது. அதில் கலந்திருந்தவை மட்டும் காரின் மேற்பூச்சில் தங்கிவிடுகின்றன. கறுப்புக் காரில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் புள்ளிகள் அவைதாம். பல வாரம் விட்டுவிட்டால் அந்தப் புள்ளிகள் பூச்சுக்குள் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

நிழலுக்காகத் தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் காரை நிறுத்துவது வழக்கம். மழை நேரத்தில் அந்த மரம் இலையையும் பூவையும் பிசினையும் சேர்த்துக் கொட்டும். மாடப்புறாவும் மைனாவும் போடும் எச்சம் அதைவிட மோசம். அதிலுள்ள அமிலம் வெயிலில் சூடேறினால் மேற்பூச்சைத் தின்றுவிடும். எச்சத்தைக் கண்டவுடன் ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன் மேல் போட்டு ஊறவைத்து, பிறகு மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்ததை நகத்தால் சுரண்டினால் கீறல்தான் மிஞ்சும்.

கழுவும் முறை

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை காரைக் கழுவுவது நல்லது. அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. இரண்டு வாளி, கார் ஷாம்பு, மென்மையான மைக்ரோஃபைபர் துணி ஆகியவை இருந்தால் போதும்.

முதலில் காரை நிழலில் நிறுத்தி, இயந்திரமும் முன் மூடியும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான தகட்டில் ஊற்றிய சோப்பு நுரை உடனே காய்ந்து கறையாகிவிடும். அடுத்து, துணி படுவதற்கு முன்பே வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றி மண்ணை இறக்கிவிட வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டு நேரடியாகத் துணியால் தேய்ப்பதுதான் பெரும்பாலான கீறல்களுக்குக் காரணம். மணல் துகளைத் துணிக்கும் தகட்டுக்கும் இடையில் வைத்துத் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

ஒரு வாளியில் ஷாம்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். துணியை முதலில் வெறும் நீரில் அலசி மண்ணை விட்ட பிறகே ஷாம்பு நீரில் நனைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நீள வாக்கில் இழுக்க வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரைப் பயன்படுத்துவது பல வீடுகளில் நடக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அந்தச் சோப்பு, காரின் மேல் பூசியிருக்கும் மெழுகையும் சேர்த்தே எடுத்துவிடும்.

கழுவியபின் துடைத்து உலர்த்தாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்தது என்று பொருள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசினால், மழைநீர் தகட்டில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். தாமரை இலைத் தண்ணீர் போல என்று வைத்துக் கொள்ளலாம். நீர் முத்தாக நிற்காமல் பரவி நின்றால் மெழுகு போய்விட்டது என்று அறியலாம்.

இங்கே நம்மவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு செய்தியும் உண்டு. புதிய கார் வாங்கியதும் கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்தின் கீழ் எலுமிச்சைப்பழம் வைத்து நசுக்கி, முன் மூடியில் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூசை செய்வது நமது மரபு. ஆயுதபூசைக்கும் அப்படியே. அந்தப் பொட்டைப் பல நாள் அழிக்காமல் வெயிலிலும் மழையிலும் விடுவதால்தான் சிக்கல். மஞ்சளும் குங்குமமும் வெளிர் நிறப் பூச்சில் சாயமாக இறங்கிவிடும். நசுங்கிய எலுமிச்சையின் புளிப்புச் சாறு பளபளக்கும் சக்கர விளிம்பில் தெறித்தால் அங்கேயும் கறை விழும். பூசை முடிந்த மறுநாளே ஈரத்துணியால் துடைத்துவிடுவதில் எந்தக் குற்றமும் இல்லை. பொட்டுக்காகக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. கண்ணாடியில் கறை தங்காது.

கண்ணுக்குத் தெரியாத இடங்கள்

பளபளக்கும் கதவைப் பார்த்து மனம் நிறைவடைபவர்கள் குனிந்து பார்ப்பதில்லை. கார் வீணாவது மேலிருந்து அல்ல, கீழிருந்துதான். சக்கர வளைவின் உட்புறத்தில் அப்பிக்கொள்ளும் செம்மண், ஈரத் துணியைச் சுற்றி வைத்தது போல இரும்பை நாள் கணக்கில் நனைத்தபடியே வைத்திருக்கும். கழுவும் குழாயை அந்த வளைவுகளுக்குள்ளும் அடிப்பாகத்திலும் திருப்பிவிட வேண்டும்.

கதவுகளின் அடி விளிம்பில் சிறு துளைகள் உண்டு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காக அமைத்தவை அவை. மண் அடைத்துக் கொண்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கிவிடும். முன்கண்ணாடிக்குக் கீழே, துடைப்பான்கள் இருக்கும் பள்ளத்திலும் நீர் வடியும் வழி உண்டு. அதை உதிர்ந்த இலைகள் அடைத்துவிட்டால் மழைநீர் காருக்குள் கால் வைக்கும் இடத்துக்கே வந்துவிடும். "கதவெல்லாம் மூடித்தான் இருந்தது, கம்பளம் எப்படி நனைந்தது?" என்று பலர் பட்டறையில் கேட்கும் கேள்விக்கு விடை பெரும்பாலும் ஒரு கைப்பிடி இலைதான்!

உயர் அழுத்தத் தண்ணீரை இயந்திரத்தின் மேல் நேராகப் பீய்ச்சக் கூடாது. இக்காலக் கார்களில் அங்கே மின்னணுக் கருவிகள் நிறைய உள்ளன. அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு பூச விரும்புவோர், ஏற்கெனவே உள்ள மண்ணையும் துருவையும் நீக்கிய பிறகே பூச வேண்டும். அழுக்கின் மேல் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, துரு மறைவாக வளரும்.

கழுவும் நாளிலேயே டயரையும் துடைப்பானையும் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி அதைப் பயன்படுத்தக் கூடாது. மழையில் அத்தகைய டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதந்து வழுக்கும். நம் ஊர் வெயிலில் துடைப்பானின் ரப்பர் விரைவில் காய்ந்து வெடித்துவிடும். கூட்டரசு நெடுஞ்சாலையில் அடைமழையில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அது தெரியவரும் என்றால், அதன் விலை உயிராகவும் இருக்கலாம்.

வெள்ளம் வந்துவிட்டால்...

இத்தனை பராமரிப்பும் ஒரே நிமிடத்தில் வீணாகும் இடம் ஒன்று உண்டு. அது வெள்ளம். சாலையில் ஓடும் வெள்ளத்தின் ஆழம் ஓர் அடி ஆனாலே சிறிய கார்கள் பல மிதக்கத் தொடங்கும். இரண்டு அடி நீரோட்டம் பெரிய வாகனத்தையும் இழுத்துச் செல்லும். முன்னால் போகும் லாரி கடந்துவிட்டது என்பதற்காகப் பின்னால் போகும் மைவி கடந்துவிடாது.

நிறுத்தியிருந்த கார் வெள்ளத்தில் மூழ்கி, தண்ணீர் வடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் செய்யும் முதல் காரியம் என்ன? உள்ளே ஏறி உட்கார்ந்து, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவார். பெரும் தவறு அதுதான்! இயந்திரத்தின் உருளைக்குள் காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே நீர் புகுந்திருக்கும்போது இயந்திரத்தைச் சுழலவிட்டால், அழுத்த முடியாத நீரை எதிர்த்து உள்ளிருக்கும் இரும்புத் தண்டு வளையும், அல்லது உடையும். சுத்தம் செய்து எண்ணெய் மாற்றினால் பிழைத்திருக்கக் கூடிய இயந்திரம், அந்த ஒரு திருப்பலில் செத்துவிடும்.

எனவே சாவியைத் தொடக் கூடாது. பொத்தானை அழுத்தித் தொடங்கும் காராக இருந்தால் பொத்தானையும் அழுத்தக் கூடாது. தண்ணீர் எந்த உயரம்வரை ஏறியது என்று தெரியும்படி உள்ளும் புறமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, காரைப் பட்டறைக்கு இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் தே தாரேக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். கியர் எண்ணெயையும் சோதிக்க வேண்டும். கம்பளத்தையும் இருக்கைகளையும் கழற்றி வெயிலில் உலர்த்தாவிட்டால், அடியில் பூஞ்சை பிடித்து நாற்றம் நிலைத்துவிடும். மின்சாரக் கார், கலப்பினக் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற மின்கம்பிகளின் பக்கமே போகாமல் பயிற்சி பெற்றவர்களை அழைக்க வேண்டும்.

கார் மூழ்கும், கடன் மூழ்காது

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்று உதவிக்குக் காத்திருந்ததை நாடே பார்த்தது. அவ்வாண்டு வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் சிலாங்கூரின் பங்கே பாதிக்கு மேல். வாகனங்களுக்கு மட்டும் ஏற்பட்ட சேதம் ஏறத்தாழ 100 கோடி வெள்ளி.

அந்தத் தொகைக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், மாலையில் உணவு விநியோகமும் செய்யும் ஒரு தந்தைக்குக் கார் ஆடம்பரமல்ல, அதுதான் சோறு. ஒன்பது ஆண்டுக் கடனில் வாங்கிய கார் மூன்றாம் ஆண்டில் மூழ்கினால், மீதி ஆறு ஆண்டுக்கான தவணையைக் கட்டித்தான் ஆக வேண்டும். கார் மூழ்கும், கடன் மூழ்காது!

முழுமைக் காப்புறுதி எடுத்திருக்கிறோம், வெள்ளச் சேதமும் அதில் அடங்கும் என்று நம்பியிருந்த பலர் அப்போதுதான் உண்மையை அறிந்தனர். மலேசியாவில் முழுமைக் காப்புறுதியில் வெள்ளப் பாதுகாப்பு தானாகச் சேர்வதில்லை. ஸ்பெஷல் பெரில்ஸ் எனப்படும் கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கான கட்டணம் வழக்கமாகக் காப்புறுதித் தொகையில் 0.2 முதல் 0.5 விழுக்காடு வரைதான். 40,000 வெள்ளி மதிப்புள்ள காருக்கு ஆண்டுக்கு 80 வெள்ளியிலிருந்து 200 வெள்ளிக்குள் அடங்கிவிடும். சாலை வரியையும் காப்புறுதியையும் புதுப்பிக்கும் நாளில் முகவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். வெள்ளம் வடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

பழைய கார் வாங்குவோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் சில, மெழுகு பூசி மணமூட்டி மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். மாற்று டயர் வைக்கும் குழியில் வண்டல் இருக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு இருக்கும். காருக்குள் வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணந்தால், அது எதை மறைக்கிறது என்று கேட்க வேண்டும்.

மழையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், இரண்டு வாளித் தண்ணீர், ஆண்டுக்கு ஒருமுறை முகவரிடம் ஒரு கேள்வி ஆகியவை எல்லாருடைய கையிலும் உள்ளவை. வீட்டிலுள்ள பிள்ளைகளையும் ஒரு துணியோடு உடன் அழைத்துக்கொண்டால், குனிந்து காரின் அடியைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கும் வரும். வண்டியும் நீடிக்கும், குடும்பத்தின் நிம்மதியும் நீடிக்கும்.